மோர் வராத சாப்பாடு

திருச்சி தில்லைநகரில், ஒரு கண் ஆஸ்பத்திரிக்கும் டியூஷன் சென்டருக்கும் நடுவில் இருந்த 'பச்சைக் குடை' என்கிற தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைக்கு ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சாப்பிடப் போனவர்களில் முக்கால்வாசிப்பேர் வாரக்கணக்கில் வீடு திரும்பவில்லை என்பதை அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்று சொல்லும்போது, அந்த வருஷம் மழை கொஞ்சம் அதிகம் என்று சொல்வதைப் போலத்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, "அதுல நம்ம பூங்கோதை டீச்சர்தான் கடைசி" என்று சேர்த்துக்கொள்கிறார்கள்.

கடையை வைத்தவள் மதிவதனி. பாங்காக்கில் ஒரு ஹோட்டலில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, வரும்போது நொய் என்ற சமையல்காரியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தவள். அவள் கடையில் இரண்டு சட்டங்கள். ஒன்று, செருப்பை வாசல்படியில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இரண்டு, கறி மீன் மட்டுமல்ல, பால், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் அந்த வாசலைத் தாண்டாது. இப்படிச் சாப்பிடுகிறவர்களுக்கு வீகன் என்று பெயர் என்பதைப் பூங்கோதை தன் மகளிடமிருந்துதான் தெரிந்துகொண்டிருந்தாள். மகள் சாம்பவி காலேஜுக்குப் போன இரண்டாம் வருஷம் காபியை விட்டாள், பிறகு நெய் தோசையை விட்டாள், பிறகு ஒருநாள் அம்மா பிசைந்து வைத்த தயிர் சாதத்தைத் தட்டோடு தள்ளி வைத்தாள். அன்று பூங்கோதைக்கு யாரோ தன் கையைத் தட்டிவிட்டதைப் போல இருந்தது.

அந்தச் சனிக்கிழமை சாம்பவிதான் கூப்பிட்டாள். மழை விட்டிருந்தது. அம்மாவும் மகளும் செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார்கள். தேங்காய்ப் பாலில் பச்சையாக ஒரு குழம்பு வந்தது, பப்பாளிக்காயை இடித்துப் புளிப்பும் காரமுமாக ஒன்று வந்தது, கண்ணாடி போல வழுக்கும் நூடுல்ஸ் வந்தது.

"இது சிற்றரத்தைம்மா. பயப்படாம சாப்பிடு."

"தெரியுது. இருமலுக்குக் குடுக்கறதக் குழம்பு வச்சுக் குடுத்திருக்காங்க."

சாம்பவி சிரித்தாள். சிரித்து முடிக்காமலே, "ஹோபார்ட்ல வேலை கிடைச்சிருச்சும்மா" என்றாள்.

"அது எங்க இருக்கு?"

"ஆஸ்திரேலியாவுக்கும் கீழ, டாஸ்மேனியான்னு ஒரு தீவு. கடற்பாசி ஆராய்ச்சி. தை கடைசியில சேரணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"மூணு வருஷம். அப்புறம் பாக்கலாம்."

பூங்கோதை கிண்ணத்தில் மிதந்த எலுமிச்சைப் புல்லை ஸ்பூனால் ஓரத்துக்குத் தள்ளினாள். "ஒரு வாரத்துக்குன்னு வந்தவ நான்" என்றாள். மீதியை இரண்டு பேருமே அறிவார்கள். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் வருஷக்கணக்காகக் குடியிருந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே புருஷனை இழந்து, அவன் அஸ்தியைக் காவிரியில் கரைக்க ஒரு வாரம் லீவு போட்டு, பத்து வயதுப் பெண்ணை ஒரு கையிலும் குளிர்காலக் கோட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவள், வீடு, மாமியாரின் படுக்கை, பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன், தனக்கு அதே ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர் வேலை என்று ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழ, அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே நின்றுபோனாள். திரும்பிப் போகும்போது வேண்டுமே என்று பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த கோட்டு இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. மாமியார்கூடப் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது வீட்டில் இவர்கள் இருவர்தான்.

கடைசியாக மாம்பழத் துண்டோடு தேங்காய்ப் பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறு வந்தது. சாப்பிட்டார்கள். கை கழுவினார்கள். சாம்பவி முதலில் வாசலைத் தாண்டிப் போய்ச் செருப்பை மாட்டினாள். பூங்கோதை வாசல்வரை வந்தாள். அங்கே வந்ததும் வயிற்றுக்குள் ஓர் இடம் காலியாகக் கிடப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. பசி இல்லை, இன்னும் ஏதோ வர வேண்டியிருக்கிறது என்கிற எண்ணம். கால்கள் தாமாகத் திரும்பின. அவள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. இன்னும் முடியல போல."

அவளுக்குப் பின்னாலேயே எழுந்த மின்வாரியத்தில் ரிட்டயரான பஞ்சாபகேசன் மாமாவும் வாசல்வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஜெயசீலன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர் ஹெல்மெட்டோடு திரும்பி வந்தார். பெண் பார்க்க வந்திருந்த இரண்டு குடும்பங்களும் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் திரும்பின. யாரும் கத்தவில்லை, யாரும் கதவை இடிக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. மழைக் காற்று உள்ளே வந்தது, போனது. காற்றும், சாம்பவியும், மதிவதனியும், நொய்யும், பால் தொடாத இரண்டு மூன்று காலேஜ் பிள்ளைகளும் மட்டும் இஷ்டப்படி வந்துபோனார்கள்.

முதல் வாரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஷூவைக் கழற்றச் சொன்னதால் வாசலிலேயே நின்று விசாரித்தார்.

"யாராச்சும் கட்டிப் போட்டிருக்காங்களா?"

"இல்ல சார்."

"கதவு பூட்டியிருக்கா?"

"தொறந்துதான் கெடக்கு."

"அப்புறம் என்ன உங்களுக்குப் பிரச்சினை?"

"சாப்பிட்டு முடியல சார்" என்றார் ஜெயசீலன்.

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். "மெதுவா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு ஊர் அந்தக் கடையை ஏற்றுக்கொண்டது, ஆஸ்பத்திரியையும் டியூஷன் சென்டரையும் ஏற்றுக்கொண்டதைப் போல. மாடியில் பாய் விரித்தார்கள், ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். தபால்காரர் மேஜை பார்த்துத் தபால் கொடுத்தார். கொய்யாப்பழ வண்டிக்காரர் தன் வண்டியை ஜன்னலுக்கு நேராக நிறுத்திக்கொண்டார். ஸ்கூலிலிருந்து பூங்கோதைக்கு அரைப்பரீட்சைப் பேப்பர்கள் கட்டுக்கட்டாக வந்தன. பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சந்தேகம் கேட்டார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் நிச்சயதார்த்தமே முடிந்து, ஒரே கூரைக்குள் இவ்வளவு நாள் இருந்ததில் மாப்பிள்ளை குறட்டை விடுவது தெரிந்து, நிச்சயம் முறிந்தும் போனது. தெருவில் நடப்பவர்கள், "இன்னிக்கு என்ன போட்டாங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். சாப்பிட்டு முடிக்காதவர்களிடம் எப்படிப் பில் நீட்டுவது என்று மதிவதனியும் பேசாமல் இருந்தாள். நொய் காலையில் காந்தி மார்க்கெட் போய்வந்து, மூன்று வேளையும் ஆக்கிப்போட்டாள். எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். எல்லாரும் கை கழுவிவிட்டு ஒருமுறை வாசல்வரை போய்ப் பார்த்தார்கள். எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

சாம்பவி தினமும் சாயங்காலம் வந்தாள். வாசலில் அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பை விட்டாள். அம்மாவுக்கு மாற்றுப் புடவை, ரத்த அழுத்த மாத்திரை, மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி என்று ஏதாவது கொண்டுவந்தாள். எதிரே உட்கார்ந்து ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டாள். ஹோபார்ட் பேச்சை எடுக்கவில்லை. "உன்ன இப்படி விட்டுட்டு எப்படிம்மா" என்று ஒரே ஒருநாள் சொன்னாள். அன்று பூங்கோதை மகளைச் சமாதானம் செய்ய வாயைத் திறந்து, திறந்த வாயில் சோற்றை வைத்துக்கொண்டாள்.

குறை எங்கே என்பதைக் கண்டுபிடித்தவர் பஞ்சாபகேசன் மாமா.

"அம்மாடி மதிவதனி, ரசம் மாதிரி ஒண்ணு வந்தது. கூட்டு மாதிரி ஒண்ணு வந்தது. தித்திப்பும் வந்தது. மோர் வந்துதோ?"

எல்லாரும் தங்கள் தங்கள் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

"வராது மாமா. இங்க வராது."

"அதான் சொல்றேன். மோர் சாதம் சாப்பிடாம எழுந்து எனக்குப் பழக்கமே கிடையாது. எங்க யாருக்குமே கிடையாது. சாப்பாடு முடியலேன்னா மனுஷன் எப்படிக் கிளம்புவான்?"

"ஒரு கன்னுக்குட்டியோட பாலப் புடுங்கித்தான் நீங்க வெளிய போகணும்னா, இருந்துட்டே போங்க மாமா" என்றாள் மதிவதனி. கோபமாகச் சொல்லவில்லை. அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

இந்தச் சாப்பாட்டில் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்ட அவர் மனைவி, மறுநாள் ஜன்னல் வழியாக ஒரு தூக்கில் மோரை நீட்டினாள். மாமா யாருக்கும் தெரியாமல் அண்ணாந்து குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வந்தார்.

"என்னண்ணா, புளிச்சுடுத்தா?" என்று கேட்டாள் மனைவி ஜன்னலிலிருந்து.

"மோர் நன்னாத்தான் இருக்கு. பரிமாறின கையால வரணும் போலிருக்கு. நீ நீட்டினது நம்மாத்துச் சாப்பாட்டுக்குத்தான் சேரும்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நொய் ஒருநாள் கெட்டியாகத் தேங்காய்ப் பால் பிழிந்து, அதில் பச்சை மிளகாய்க் காம்புகளைக் கிள்ளிப் போட்டு, அடுப்போரத்தில் மூடி வைத்தாள். மழைக்கால ஈரத்தில் இரண்டு தடவை நீர்த்துப்போனது. மூன்றாவது தடவை உறைந்தது. மதிவதனி விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு மேஜையாக ஒரு கரண்டி வைத்துக்கொண்டே வந்தாள்.

அன்று கடைக்குள் பெரிய வாக்குவாதம். தேங்காய்ப் பாலில் தயிரா, அது தயிர் மாதிரிதானே, மாதிரி என்றால் கணக்கில் சேருமா, புளித்தால் தயிர்தானே, புளித்ததெல்லாம் தயிரானால் இட்லி மாவு என்ன. ஜெயசீலன் எதுவும் பேசாமல் சாதத்தில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார், ஹெல்மெட்டை எடுத்தார், வாசலைத் தாண்டினார். தெருவில் நின்று திரும்பிப் பார்த்து, "தயிருன்னு நெனச்சேன், தயிராத்தான் இருந்துச்சு" என்றார். அவருடைய ஸ்கூட்டர்தான் கிளம்பவில்லை; பேட்டரி செத்திருந்தது. தள்ளிக்கொண்டே போனார்.

அதன்பிறகு தினம் இரண்டு பேர், மூன்று பேர் என்று போனார்கள். மனசுக்குள் அதை ஒப்புக்கொண்டவர்கள் போனார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை இருந்தார்கள்.

பூங்கோதை முதல்நாளே ஒரு வாய் எடுத்து வைத்தாள். லேசாகத் தேங்காய் வாசம், பின்னால் மிளகாய்க் காம்பின் பச்சை வாசம், அதற்கும் பின்னால் ஒரு புளிப்பு. அந்தப் புளிப்பு தொண்டையில் இறங்கியதும் வயிற்றுக்குள் இத்தனை நாளாகத் திறந்து கிடந்த ஏதோ ஒன்று சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து போகலாம். வீட்டுக்குப் போகலாம். மகளின் பெட்டிக்குத் துணி மடித்து வைக்கலாம். விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நிற்கலாம். பிறகு அந்த வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

கை கழுவிக்கொண்டு வாசல்வரை போனாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு ஒரு அடி இருக்கும்போது நின்றாள், தலையை லேசாகச் சாய்த்தாள், திரும்பினாள். எத்தனையோ முறை செய்த காரியம். நடிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

"உனக்கும் ஒத்துக்கலையாம்மா?" என்று கேட்டார் பஞ்சாபகேசன் மாமா, துணை கிடைத்த சந்தோஷத்தில்.

"இல்ல மாமா. தேங்கா வாசம் அடிக்குது."

அன்று சாயங்காலம் சாம்பவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பரவாயில்லம்மா, ஒருநாள் செட் ஆயிடும்" என்று அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தாள். தட்டிக்கொடுத்த இடம் பூங்கோதைக்கு வெகுநேரம் எரிந்தது.

மார்கழி பிறந்தது. மாமாவும் ஒருநாள், நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டால் வித்தியாசம் தெரியவில்லை என்று அறிவித்துவிட்டுப் போனார். பிறகு பூங்கோதை மட்டும். மதிவதனி தினமும் அவள் முன் தேங்காய்த் தயிரை வைத்தாள், அவள் தினமும் சாப்பிட்டாள், தினமும் வாசல்வரை போய்த் திரும்பினாள். முதலில் கதவு திறந்திருந்தும் போக முடியாமல் இருந்ததைவிட, போக முடிந்தும் போகாமல் இருப்பது இறுக்கமாக இருந்தது. சுவர்கள் பக்கத்தில் வந்துவிட்டதைப் போல, மேஜை நெஞ்சுவரை உயர்ந்துவிட்டதைப் போல. ஆனாலும் சாயங்காலமானால் சாம்பவி வந்தாள். வந்து எதிரே உட்கார்ந்தாள். அது போதுமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மதிவதனி பேங்குக்குப் போயிருந்தாள், நொய் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் காலம் தப்பிய ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. பூங்கோதை வாசலுக்குப் போனாள், தாண்டினாள், இத்தனை நாள் வெயிலிலும் மழையிலும் கிடந்து விறைத்துப்போயிருந்த செருப்பை மாட்டினாள். தெருமுனை வரை நடந்தாள். கொய்யாப்பழ வண்டிக்காரர் வண்டியிலேயே சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். முனையில் ஒரு பஸ் திரும்பியது; ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவளைப் பார்த்தாள். அவ்வளவுதான். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப் போல அவள் வேகமாகத் திரும்பி, குட்டையில் கால் வைத்து, கடைக்கு ஓடிவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தன் மேஜையில் வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தாள். ஜெயிலுக்குள் ஓடி ஒளிந்துகொண்ட மாதிரி இருந்தது.

அன்று சாம்பவி கொஞ்சம் தாமதமாக வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்ற அவளுக்கு வழக்கத்தைவிட நேரமானது. உள்ளே வந்து, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருப்பதைப் பற்றிப் பேசினாள்.

வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள். நூடுல்ஸைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"நாளைக்கு ஹோபார்ட்டுக்கு எழுதிடறேம்மா. வர முடியலைன்னு."

பூங்கோதையின் நெஞ்சுக்குள் சர்க்கரை கரைந்ததைப் போல ஓர் இனிப்பு இறங்கியது. வெட்கப்படக்கூட நேரமில்லாமல் இறங்கியது.

"அவசரப்படாதயேன்" என்றாள். அந்தக் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"அவசரம் இல்ல. யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். இங்கயே காலேஜ்ல ஏதாவது கெடைக்கும்." சாம்பவி கிண்ணத்தை ஒதுக்கினாள். கை கழுவினாள். பையைத் தோளில் மாட்டினாள். "வரேம்மா, நாளைக்கு மாத்திரை கொண்டாரேன்."

வாசல்வரை போனாள். வாசலுக்கு ஒரு அடி இருக்கும்போது நின்றாள். தலை லேசாகச் சாய்ந்தது. திரும்பி வந்து, அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

பூங்கோதை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி?"

"தெரியலம்மா. சாப்பிட்டு முடிக்காத மாதிரி இருக்கு." குழப்பமாகச் சிரித்தாள். "எனக்குத்தான் மோர் பழக்கமே இல்லையே."

மறுபடி எழுந்து போனாள். மறுபடி திரும்பி வந்தாள். மதிவதனி சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்று பார்த்து, ஒரு கிண்ணம் தேங்காய்த் தயிரைக் கொண்டுவந்து வைத்தாள். சாம்பவி சாப்பிட்டாள். போனாள். திரும்பினாள். இந்த முறை சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, மேஜை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் முகத்தில், லெஸ்டரிலிருந்து வந்து இறங்கிய எட்டாம் நாள் காலை பீரோ கண்ணாடியில் தான் பார்த்த முகம் அப்படியே இருப்பதைப் பூங்கோதை கண்டாள்.

எழுந்தாள். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள். வாசலுக்குப் போனாள். நிற்கவில்லை. படியில் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் போய்த் திரும்பி நின்றாள். கொய்யாப்பழக்காரர் பழம் நறுக்குவதை நிறுத்தினார்.

சாம்பவி வாசலுக்கு உட்புறம் வந்து நின்றாள். இருவருக்கும் நடுவில் ஒரு படிதான்.

"எப்ப இருந்துடி தெரியும் உனக்கு?" என்று கேட்டாள் பூங்கோதை.

"செவ்வாக்கிழமை. செருப்புல சேறு இருந்துச்சு. இத்தன நாளாக் கெடந்த இடம் மட்டும் தரையில வெள்ளையாத் தெரிஞ்சுது. நீ ஒரு சாண் தள்ளி விட்டிருந்த."

"தெரிஞ்சுமா எழுதறேன்னு சொன்ன?"

சாம்பவி காலை எடுத்து வைக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மன்னித்துவிடு என்று சொல்லலாம். போ என்று சொல்லலாம். ஏதோ ஒன்று பரிமாறப்படாமல் நிற்கிறது, பரிமாற வேண்டிய கை தன்னுடையது என்பது மட்டும் பூங்கோதைக்குத் தெரிந்தது. அது எது என்று தெரியவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னைவிட வளர்ந்திருந்தாள், தோள் அவள் அப்பாவுடையது.

"அங்க குளிருமா?" என்று கேட்டாள்.

"கோடையிலயே ஸ்வெட்டர் போடுவாங்களாம்."

"பீரோவுல என் கோட்டு ஒண்ணு தொங்குது. லெஸ்டர்ல வாங்குனது. கெட்டித் துணி, காத்தே புகாது. எனக்கு இனிமே எதுக்கு." மகளின் தோளைக் கண்ணால் அளந்தாள். "கைதான் உனக்குப் பத்துமான்னு தெரியல. நீட்டு, பாப்போம்."

சாம்பவி வாசலுக்கு உட்புறம் நின்றபடியே வலது கையை நீட்டினாள். கை நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தது. பூங்கோதை மகளின் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, முழங்கையிலிருந்து தோள்வரை, சாண் சாணாக அளந்துகொண்டே போனாள். தோளுக்கு எட்டவில்லை. "கிட்ட வா" என்றாள். சாம்பவி கிட்ட வந்தாள்.

"நாலு விரக்கடை கம்மியா இருக்கும்" என்றாள் பூங்கோதை. "உள்ள துணி மடிச்சுத்தான் தச்சிருக்கான், இறக்கிவிட்டா சரியாயிடும்."

"அம்மா. அது கம்பளி. நான் கம்பளி போட மாட்டேன்."

"அந்த ஆடு செத்துப் பதினஞ்சு வருஷம் ஆயிருக்கும்டி. அது ஒண்ணும் கேக்காது."

தான் தெருவில் நின்றுகொண்டிருப்பதை அப்போதுதான் சாம்பவி பார்த்தாள். குனிந்து பார்த்தாள். வெறுங்கால்.

"செருப்ப மாட்டு" என்றாள் பூங்கோதை. "போற வழியில அந்துருண்டை வாசம் போகறதுக்கு என்ன பண்ணணும்னு டிரைகிளீனிங் கடையில கேட்டுட்டுப் போகலாம்."